மறு: ‘பிடித்து விடுதல்’ வேண்டாம், ‘நீந்தவிடல்’ சரிவருமா?

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

நம் மீன்பிடித் துண்டறிக்கைக்கான சொற்பட்டியலில் ஒரு சொல்லை மாற்றக் கேட்கிறேன்: பிடித்த மீனை உயிரோடு கடலில் விடுவதற்கு ‘பிடித்து விடுதல்’ வேண்டாம், ‘நீந்தவிடல்’ என்று வைப்போம். போன சனிக்கிழமை வகுப்பில் நடந்ததைச் சொல்லிவிட்டுச் சொல்லுக்கு வருகிறேன். இங்கே மொரிஷியஸில், ரோஸ்ஹில்லில் என்னிடம் தமிழ் படிக்கும் பிள்ளைகள் வீட்டில் கிரியோல் பேசுகிறவர்கள். கடல் பாடத்துக்காக ஆளுக்கொரு படம் வரைந்து கீழே ஒரு வரி எழுதச் சொன்னேன். ஒரு பெண்ணின் அப்பா ரிவியேர் நுவாரில் சுற்றுலாக்காரர்களுக்கு மீன்பிடிப் படகு ஓட்டுகிறவர். அவள் வரி இது: “அப்பா பெரிய மார்லினைப் பிடித்து விட்டார்.” (மார்லின், ஈட்டி போல நீண்ட மூக்குள்ள பெரிய கடல் மீன்.) நான் வரியை மட்டும் படித்து, “எத்தனை கிலோ?” என்று கேட்டேன். அவள் முகம் வாடிவிட்டது. படத்தில் மீன் படகை விட்டு விலகி ஆழத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. “லார்க்-லி, ஐயா, லார்க்-லி” என்றாள். பிடித்ததைக் கையிலிருந்து விடுவதைக் கிரியோலில் சொல்ல அந்த இரண்டு சொல் போதும்.

அவள் எழுதியதில் பிழையில்லை. ‘கேட்ச் அண்ட் ரிலீஸ்’ என்பதற்கு நம் குழு போன மாதம் ஒப்புக்கொண்ட சொல்லைத்தான் நான் பிள்ளைகளுக்குக் கொடுத்திருந்தேன்.

> ‘பிடித்து விடுதல்’ எளிமையான சொல். இடைவெளி விட்டு எழுதினால் குழப்பம் வராதே?

எழுத்தில் இடைவெளி விடலாம், காதுக்கு அது கேட்காது. ‘பிடித்து’, ‘போய்’, ‘சாப்பிட்டு’ போன்ற எச்சத்தோடு ‘விடு’ சேர்ந்தால் வேலை முடிந்தது என்றுதான் தமிழ்க் காது கேட்கும். போய்விட்டான், சாப்பிட்டுவிட்டான், பிடித்துவிட்டான். எந்தச் செயலைக் குறிக்க நினைத்தோமோ அதற்கு நேர் எதிரானதைச் சொல் சொல்லிவிடுகிறது. ‘போக’, ‘சாப்பிட’ போன்ற ‘செய’ என்னும் எச்சத்தோடு அதே ‘விடு’ சேரும்போது பொருள் வேறு: போகவிட்டான், சாப்பிடவிட்டான். தடுக்காமல் வழிவிட்டான் என்று பொருள். ஆகவே நமக்கு வேண்டிய வடிவம் இந்த இரண்டாவது. அதனால்தான் ‘நீந்தவிடல்’.

> ‘விடுவித்தல்’ என்று ஒரே சொல்லாக வைத்துக்கொள்ளலாமே. பொருளும் தெளிவு.

இது வலுவான யோசனை, நானும் இரண்டு நாள் இதிலேயே நின்றேன். ஆனால் விடுவித்தல் மனிதன் கையோடு முடிந்துவிடுகிறது. கையை எடுத்தாயிற்று, விடுவித்தாயிற்று. அப்புறம் அந்த மீன் என்ன ஆனது என்பதை இந்தச் சொல் கேட்பதில்லை. படகில் அரை மணி நேரம் கிடத்திப் படமெடுத்துவிட்டு, உயிர் ஊசலாடும் மீனைக் கடலில் தள்ளினாலும் அது விடுவித்தல்தான்.

மார்லினின் உடல் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தால் நான் ஏன் அடம்பிடிக்கிறேன் என்பது புரியும். குளத்து மீன் நின்ற இடத்திலேயே வாயைத் திறந்து மூடிச் செவுளுக்குத் தண்ணீர் அனுப்பும். மார்லினும் சூரையும் அப்படியல்ல. வாயைத் திறந்தபடி முன்னால் நீந்தினால்தான் செவுள் வழியாகத் தண்ணீர் ஓடும். அவற்றுக்கு நீந்துவதும் மூச்சுவிடுவதும் ஒன்று. தூண்டிலோடு நெடுநேரம் போராடிக் களைத்த மீனை அப்படியே விட்டால் நீந்தத் தெம்பில்லாமல் மூழ்கி மூச்சடைத்துச் சாகும். அதனால் தெரிந்த படகுக்காரர்கள் மீனைத் தண்ணீரிலிருந்து தூக்கவே மாட்டார்கள். மூக்கு ஈட்டியைப் பிடித்துக்கொண்டு படகை மெதுவாக முன்னே செலுத்துவார்கள். தண்ணீர் வாய்க்குள் பாய்ந்து செவுள் வழியே வெளியேறும். கொஞ்ச நேரத்தில் உடலில் நிறம் திரும்பும், வால் உதைக்கும். அப்போதுதான் கையை எடுப்பார்கள். அந்தப் பெண்ணின் அப்பா இதை என்னிடம் விவரித்தபோது, அவர் சொன்னதற்கு நம் பட்டியலில் ஒரு சொல்கூட இல்லையே என்று வருத்தமாக இருந்தது.

லெ மோர்ன், ரிவியேர் நுவார் பக்கம் பவளப்பாறையைத் தாண்டிச் சிறிது தூரத்திலேயே கடல் பல நூறு மீட்டர் ஆழத்துக்கு இறங்குகிறது. நவம்பர் முதல் மார்ச் வரை நீல மார்லின் அங்கே கரைக்கு அருகில் வருகிறது. அதில் மிகப் பெரியவை எல்லாம் பெண் மீன்கள். ஆண் மீன் அந்த அளவுக்கு வளர்வதில்லை. பெரிய மீனைக் கொல்வது முட்டையிடும் தாயைக் கொல்வது. மறுபக்கமும் உண்டு. பிடித்த மீன் படகுக்குச் சொந்தம் என்பது இங்கே பழைய வழக்கம், புகையிட்ட மார்லினுக்கு நல்ல விலை. மீன் கடலுக்குத் திரும்பினால் படகில் வேலை செய்கிறவரின் பங்கும் அதோடு போகிறது. அதை ஈடுகட்ட வழி செய்யாமல் சுற்றுலாக்காரருக்கு மட்டும் அறிவுரை எழுதுவது நியாயமில்லை. இதையும் துண்டறிக்கையில் சேர்க்கப்போகிறேன்.

இந்தியப் பெருங்கடல் சூரை ஆணையம் 2018இல் எடுத்த தீர்மானமும் நம் சொல்லுக்குத் துணை. 60 செ.மீ.க்குக் குறைந்த மார்லினை வைத்திருக்கக் கூடாது, பிழைக்கும் வாய்ப்பு அதிகமாகும்படி உடனே கடலுக்குத் திருப்ப வேண்டும் என்கிறது. அந்த 60 செ.மீ. கீழ்த்தாடை நுனியிலிருந்து வால் இரண்டாகப் பிரியும் கவை வரை உள்ள நீளம். மூக்கு ஈட்டி ஒடிந்திருக்கலாம் என்பதால் அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. ‘தாடை–கவை நீளம்’ என்று போட்டிருக்கிறேன்.

> ஆழத்திலிருந்து இழுத்த களவா நீந்தாதே, மிதக்குமே?

சரியான கேள்வி, அண்ணா. களவா போன்ற பாறை மீன் ஆழத்திலிருந்து மேலே வரும்போது அதன் காற்றுப்பை ஊதிவிடுகிறது, வயிறு வாய் வழியே பிதுங்குகிறது. அது தானாகக் கீழே போக முடியாது. எடை கட்டிய பிடிப்பானில் மாட்டி ஆழத்தில் கொண்டுபோய் விட வேண்டும். இதற்கு ‘இறக்கிவிடல்’. இங்கே ‘இறக்கி’யோடு ‘விடு’ சேர்ந்தாலும் குழப்பமில்லை, ஒருவரை வீட்டில் இறக்கிவிடுவது போலத்தான். நண்டுக்கும் சிங்கி இறாலுக்கும் நீந்தவிடல் பொருந்தாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். முட்டை சுமக்கும் நண்டை இங்கே சட்டப்படி பிடிக்கக் கூடாது. அதற்குக் ‘கடலில் விடுக’ என்று எழுதினால் போதும்.

மற்றவை சுருக்கமாக. ‘பொழுதுபோக்கு மீன்பிடி’ இருக்கட்டும். ‘விளையாட்டு மீன்பிடி’ வேண்டாம்; ஞாயிற்றுக்கிழமை பவளப்பாறைக்கு உள்ளே இருக்கும் ஆழமில்லாக் கடல் (லகூன்) ஓரத்தில் தூண்டில் போடும் பாட்டி ‘விளையாட்டு’க்கு வரவில்லை. ஆங்கில ‘பேக் லிமிட்’டை அப்படியே ‘பை வரம்பு’ என்று மாற்ற வேண்டாம், யாரும் பையை அளப்பதில்லை. ஓர் ஆள் ஒரு நாளில் எத்தனை பிடிக்கலாம் என்பதற்கு ‘ஆள்வரம்பு’ நேராகச் சொல்கிறது. 1980களிலிருந்து இந்தத் தீவைச் சுற்றி மீன் சேர்வதற்காக நங்கூரமிட்டு வைக்கும் மிதவைகளுக்கு ‘மீன்கூட்டு மிதவை’ என்று எழுதியிருக்கிறேன், ஆனால் மனம் நிறையவில்லை. இலங்கை, தமிழ்நாட்டுக் கரையோர நண்பர்கள் மீனவர் வாயில் வழங்கும் சொல் எதுவும் தெரிந்தால் அனுப்புங்கள், அதையே போடுகிறேன்.

துண்டறிக்கை வியாழக்கிழமை அச்சுக்குப் போகிறது. ‘நீந்தவிடல்’ மேல் மறுப்பு இருந்தால் புதன் இரவுக்குள் எழுதிவிடுங்கள்.

அன்புடன்,
ரோஸ்ஹில்லிலிருந்து