மரச்சட்டம் வைத்த கெக் குளிர்பெட்டி வேர்க்கிறது, சோடா நுரையாக வருகிறது: உதவி தேவை

கேள்வி (தண்டையார்பேட்டை)

அனைவருக்கும் வணக்கம். மேல்மூடி உள்ள பழைய டீப் ஃப்ரீசர் ஒன்றை வாங்கி, அதன் உடலுக்கும் மூடிக்கும் இடையே மரச்சட்டம் ஒன்றைப் பொருத்தி, 19 லிட்டர் எஃகு கெக்குகள் (பானத்தை வாயு அழுத்தத்தில் அடைத்து வைக்கும் கலங்கள்) இரண்டை உள்ளே வைத்து, சட்டத்தில் பதித்த குழாய்களின் வழியே பானம் பிடிக்கும் பெட்டியாக மாற்றியிருக்கிறேன். வெளிநாடுகளில் வீட்டிலேயே பீர் வடிப்பவர்கள் கண்ட வடிவமைப்பு இது. ஃப்ரீசரின் பக்கச் சுவர்களுக்குள் குளிர்வாயுக் குழாய்கள் மறைந்து ஓடுவதால் அவற்றில் துளையிட முடியாது. ஆகவே பானம் பிடிக்கும் குழாய்களுக்கு வேண்டிய துளைகளை மரச்சட்டத்தில் போட்டுக்கொள்கிறார்கள். நம் மாநிலத்தில் 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி உரிமமின்றி மது தயாரிப்பது குற்றம் என்பதால், என் கெக்குகளில் இருப்பவை புளிக்கவைக்காத நன்னாரி சோடாவும் இஞ்சி எலுமிச்சை சோடாவும்தான். கோடையில் எங்கள் தெருமுனையில் போடும் தண்ணீர்ப் பந்தலுக்கும் உறவினர் வீட்டு விசேஷங்களுக்கும் இவற்றைக் கொடுக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

சட்டத்திற்குப் பழைய வீடு இடித்த இடத்திலிருந்து கிடைத்த பர்மாத் தேக்குப் பலகையை, ஏறத்தாழ 20 மில்லிமீட்டர் கனத்தில் இழைத்துப் பயன்படுத்தினேன். உள்பக்கம் எதுவும் ஒட்டவில்லை. வெளியே வார்னிஷ் மட்டும் பூசியிருக்கிறேன். வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவியை 4 டிகிரிக்கு வைத்திருக்கிறேன். இப்போது மூன்று தொல்லைகள் உள்ளன. மரத்தின் வெளிப்புறம் இரவு முழுவதும் வேர்த்துத் தண்ணீர் தரையில் வடிகிறது. சட்டத்தின் மூலைப் பொருத்துகளில் கறுப்பாகப் பூஞ்சை பிடிக்கத் தொடங்கியுள்ளது. குழாயைத் திறந்தால் முதல் குவளை முழுவதும் நுரையாக வருகிறது. அடுத்தடுத்த குவளைகள் ஓரளவு தேவலாம் என்றாலும் அவற்றிலும் சோடாவின் காரம் (வாயு தரும் சுள்ளென்ற உறைப்பு) குறைந்துவிடுகிறது. மரத்தை மாற்ற வேண்டுமா, பெட்டியை மாற்ற வேண்டுமா என்று அறிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி (பெரம்பூர், குளிர்சாதனப் பழுது நீக்குபவர்)

வணக்கம் நண்பரே. மரத்தையும் மாற்ற வேண்டாம், பெட்டியையும் மாற்ற வேண்டாம். நீங்கள் பார்த்த செய்முறைகள் குளிர்ந்த, வறண்ட ஊர்களுக்கானவை. கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் தண்டையார்பேட்டைக்கு அவை அப்படியே பொருந்தா.

காற்று 32 டிகிரியாகவும் ஈரப்பதம் 75 விழுக்காடாகவும் உள்ள ஒரு சாதாரண இரவை எடுத்துக்கொள்வோம். அந்தக் காற்றில் 27 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பின்மீதும் ஈரம் படியும். உள்ளே 4 டிகிரி, நடுவே 20 மில்லிமீட்டர் மரம் மட்டும் என்றால், மரத்தின் வெளிமுகம் தோராயமாக 23 டிகிரிக்கு இறங்கிவிடும். ஆகையால் அது வேர்த்தே தீரும். எத்தனை முறை வார்னிஷ் பூசினாலும் நிற்காது. மரம் வெப்பத்தை ஓரளவு தடுக்கும் என்பது உண்மைதான், ஆனால் எக்ஸ்பிஎஸ் எனப்படும் இறுகிய நுரைப்பலகையோடு ஒப்பிட்டால் அதன் தடுப்பாற்றல் நாலில் ஒரு பங்குதான் இருக்கும். அதே சட்டத்தின் உட்புறத்தில் 25 மில்லிமீட்டர் நுரைப்பலகையை இடைவெளியின்றி ஒட்டினால், மரத்தின் வெளிமுகம் ஏறக்குறைய 29 டிகிரியில் நின்றுவிடும். 27ஐ விட அது மேலே இருப்பதால் வேர்வை நிற்கும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் ஈரப்பதம் 90ஐத் தாண்டும் நாள்களையும் மனத்தில் கொண்டு 50 மில்லிமீட்டராகவே போடுங்கள் என்பது என் பரிந்துரை. கெக்குகளின் விட்டம் 22 முதல் 23 சென்டிமீட்டர் வரை இருக்கும் என்பதால், ஒட்டுவதற்கு முன் உள்ளே இடம் போதுமா என்று அளந்துகொள்ளுங்கள்.

பூஞ்சைக்குக் காரணம் வேறு. மூடியின் ரப்பரும் சட்டமும் சேரும் இடத்திலோ, சட்டமும் ஃப்ரீசரின் விளிம்பும் சேரும் இடத்திலோ வெளிக்காற்று உள்ளே புகுகிறது. கைபேசி விளக்கை எரியவிட்டு உள்ளே வைத்து, மூடியை மூடி, அறையை இருட்டாக்கிப் பாருங்கள். வெளிச்சம் கசியும் இடமெல்லாம் ஈரக்காற்று நுழையும் இடம். அங்கெல்லாம் பஞ்சுப் பட்டையோ, அமில வாடை வராத வகை சிலிக்கானோ வைத்து அடையுங்கள்.

வெப்ப உணரியை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. அதுவும் தெரிந்தால் நல்லது.

கேட்டவர்

மிக்க நன்றி ஐயா. விளக்கு வைத்துப் பார்த்தேன். பின்பக்கக் கீல்களுக்கு அருகில் வெளிச்சம் நன்றாகவே கசிகிறது. உணரி, மூடியின் உட்புறத்திலிருந்து காற்றில் தொங்குகிறது. ஒரு சந்தேகம்: நுரைப்பலகையை ஒட்டிய பிறகு அதன் உள்முகத்தில் பிளாஸ்டிக் தாள் ஒட்ட வேண்டும் என்று சில செய்முறைகள் கூறுகின்றன. அப்படிச் செய்யலாமா?

மறுமொழி (காசிமேடு, படகுப் பட்டறை)

தம்பி, அந்தத் தாளை உள்ளே ஒட்டாதே. நீராவி எப்போதும் வெப்பமான பக்கத்திலிருந்து குளிர்ந்த பக்கத்திற்குப் போகும். பனி பெய்யும் ஊரில் வீட்டின் உட்புறம் வெப்பமாக இருப்பதால் அவர்கள் சுவரின் உட்பக்கம் தாள் ஒட்டுகிறார்கள். உன் பெட்டிக்கு வெளிப்பக்கம்தான் வெப்பம். தடுப்பு வெளியே இருக்க வேண்டும். உள்ளே ஒட்டினால், வெளியிலிருந்து மரத்தின் வழியே வரும் ஈரம் அந்தத் தாளுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு நுரைப்பலகையிலும் மரத்திலும் ஊறும். படகின் மீன் அறையிலும் இதே விதிதான். தடுப்பைச் சரியாக வைக்காத படகில், வெப்பக்காப்பு நாளடைவில் தண்ணீரைக் குடித்துக் கனத்துப்போகும். பனிக்கட்டியும் சீக்கிரம் கரையும்.

எபாக்சியை (இரு பாகங்களைக் கலந்து பூசும், காய்ந்ததும் இறுகிவிடும் பிசின்) மரத்தின் ஆறு முகங்களிலும், குழாய்க்குப் போட்ட துளைகளின் உள்விளிம்பிலும்கூடப் பூசு. வெட்டுமுனைகள்தான் ஈரத்தை அதிகம் குடிக்கும், அங்கே இரண்டு முறை பூச வேண்டும். தேக்கில் இயல்பாகவே எண்ணெய் உண்டு என்பதால், பூசுவதற்குச் சற்று முன் அசிட்டோன் நனைத்த துணியால் துடைத்துவிடு, இல்லையென்றால் பிடிப்பு விட்டுப்போகும். எபாக்சி காய்ந்த பிறகு மரத்தின் உள்முகத்தில் அலுமினியத் தாளை ஒட்டி, அதன்மேல் நுரைப்பலகையைப் பதித்து, பலகைகள் சேரும் இடங்களை அலுமினிய நாடாவால் மூடு.

ஒன்றை மறந்துவிடாதே. எங்கள் பட்டறைகளில் ஃபைபர் படகுக்குப் பயன்படுத்தும் மலிவான பாலியஸ்டர் ரெசினை யாராவது கொடுத்தால் வாங்காதே. அதில் ஸ்டைரீன் இருக்கிறது. தெர்மகோலையும் எக்ஸ்பிஎஸ் பலகையையும் அது கரைத்துக் குழியாக்கிவிடும். எபாக்சி அப்படிச் செய்யாது. ஆணிகளும் திருகுகளும் 304 அல்லது 316 தரத் துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும், சாதாரண இரும்புத் திருகு இந்த உப்புக்காற்றில் ஒரு மழைக்காலத்தைக்கூடத் தாங்காமல் துருவிறக்கித் தேக்கையும் கறையாக்கிவிடும். அந்தக் கறுப்புக் கறையைப் பூஞ்சை என்று எண்ணிக்கொள்பவர்களும் உண்டு. அருகில் இரும்புத் திருகு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்.

மறுமொழி (பழைய வண்ணாரப்பேட்டை, சோடாக் கடை நடத்தியவர்)

நுரையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். பானம் குளிர்ந்திருந்தால் போதாது. அது கடந்து வரும் பாதை முழுவதும் குளிர்ந்திருக்க வேண்டும். உங்கள் பெட்டியில் குளிர்ந்த காற்று அடியில் தங்கிவிட, மேலே சட்டத்தின் உயரத்தில் காற்று பல டிகிரி வெப்பமாக இருக்கும். கெக்கிலிருந்து பானத்தைக் கொண்டுவரும் குழலும், திறந்து பிடிக்கும் குழாயும் இருப்பது அங்கேதான். வெப்பமான குழலுக்குள் வந்த சோடாவிலிருந்து வாயு பிரிவதால் முதல் குவளை நுரையாகிறது. அந்தக் குவளை பாதையைக் குளிர்வித்துவிடுவதால் அடுத்தது தேறுகிறது. ரிச்சி தெருவில் கிடைக்கும் 12 வோல்ட் கணினி விசிறி ஒன்றை அடியிலிருந்து மேல்நோக்கிக் காற்றை ஊதும்படி வையுங்கள்; மேலுக்கும் கீழுக்குமான வேறுபாடு பெரிதும் குறைந்துவிடும்.

அடுத்தது குழலின் நீளம். பீருக்கு வேண்டிய அழுத்தம் குறைவு என்பதால் வெளிநாட்டில் பீர் வடிப்பவர்கள் குட்டையான குழலை வைத்துக்கொள்கிறார்கள். காரமான சோடாவுக்கு 4 டிகிரியில் ஏறத்தாழ 2 பார் அழுத்தம் வைக்க வேண்டும். அந்த அழுத்தத்தைக் குழலின் உராய்விலேயே மெல்ல இறக்கினால்தான் பானம் அமைதியாக வெளிவரும். 5 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள குழலை ஆறு முதல் எட்டு மீட்டர் வரை சுருட்டி, பெட்டிக்குள்ளேயே வையுங்கள். நுரைக்கு அஞ்சி அழுத்தத்தைக் குறைப்பது பலரும் செய்வது. அதனால்தான் காரம் போய்விடுகிறது.

இன்னொன்றை வலியுறுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. குளிர்சாதனக் கடைகளில் எளிதாகக் கிடைக்கிறது என்று செம்பு அல்லது பித்தளை இணைப்பை பானம் போகும் வழியில் வைத்துவிடாதீர்கள். வாயு கரைந்த நீர் அமிலத்தன்மை உடையது, எலுமிச்சையும் சேர்ந்தால் அது இன்னும் கூடும். இரவெல்லாம் தேங்கி நின்ற சோடா செம்பைக் கரைத்துக்கொண்டு வந்தால், குடிப்பவருக்குக் குமட்டலும் வாந்தியும் வரும். தண்ணீர்ப் பந்தலில் குடிக்கப்போகிறவர்கள் குழந்தைகளும் முதியவர்களும். பானம் தொடும் இடமெல்லாம் 304 எஃகும் உணவுத் தரக் குழலும் மட்டுமே இருக்க வேண்டும்.

கேட்டவர்

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. இணைப்புகளைச் சோதித்ததில், குழாயின் தண்டு முலாம் பூசிய பித்தளையாக இருப்பது தெரிந்தது; அதை மாற்றிய பிறகே யாருக்கும் கொடுப்பேன். எபாக்சி வேலையை வெயில் நாளில் தொடங்குகிறேன். கடைசியாக ஒரு கேள்வி: சோடாவுக்கான 2 கிலோ கரியமில வாயு உருளையைப் பெட்டிக்குள் வைப்பதா, வெளியே வைப்பதா? பெட்டி இருப்பது பத்துக்குப் பத்து அறை. இரவில் என் பெற்றோர் அங்கேதான் படுக்கிறார்கள்.

மறுமொழி (பெரம்பூர், குளிர்சாதனப் பழுது நீக்குபவர்)

முதலில் உணரி. அதைக் காற்றில் தொங்கவிடாமல், கெக்கின் நடு உயரத்தில் ஒட்டி, மேலே ஒரு துண்டு நுரைப்பலகையால் மூடிவிடுங்கள். காற்றின் வெப்பம் மூடியைத் திறக்கும்போதெல்லாம் ஏறி இறங்கும். அதைப் பின்தொடர்ந்து கம்ப்ரசர் அடிக்கடி ஓடி நின்றால் சீக்கிரம் பழுதாகும். கருவியில், நின்ற கம்ப்ரசர் மீண்டும் ஓடுவதற்கான தாமத நேரத்தை ஐந்து நிமிடமாக வையுங்கள்.

உருளை அந்த அறையிலேயே இருக்கக் கூடாது. 2 கிலோ கரியமில வாயு முழுவதும் கசிந்தால் ஒரு கன மீட்டருக்குச் சற்று மேல் இடத்தை அடைக்கும். கதவும் சன்னலும் சாத்திய பத்துக்குப் பத்து அறையில் அது ஏறக்குறைய 4 விழுக்காடு. மூச்சிரைப்பும் தலைவலியும் வருவதற்கும், உயிருக்கே ஆபத்து நேர்வதற்கும் போதுமான அளவு அது. காற்றைவிடக் கனமானது என்பதால் தரையில் பாய் போட்டுப் படுப்பவர்களையே முதலில் தாக்கும், வாடையும் இராது. பெட்டியைக் கூடத்திற்கோ, காற்றோட்டமுள்ள தாழ்வாரத்திற்கோ மாற்றிவிடுங்கள். இடமில்லையென்றால் உருளையை வெளியே நிழலில் நிமிர்த்திச் சங்கிலியால் கட்டி, குழலை மட்டும் உள்ளே கொண்டுவாருங்கள். பயன்படுத்தாத நேரத்தில் உருளையின் வால்வையே மூடிவிடுங்கள். வெயில் படும் மொட்டைமாடியில் வைக்காதீர்கள். 20 டிகிரியில் 57 பார் இருக்கும் உள்ளழுத்தம் வெப்பத்தோடு விரைந்து ஏறும், 31 டிகிரிக்கு மேல் உள்ளே திரவமே இருக்காது. வாயு நிரப்பும்போது குறித்த எடைக்கு மேல் நிரப்ப ஒப்புக்கொள்ளாதீர்கள். ஒவ்வோர் இணைப்பிலும் சோப்பு நீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்த்த பிறகே கெக்கை மாட்டுங்கள்.