பெட்டியிலேயே இருந்த ஷூவின் சோல் பொடியாக உதிர்கிறது, காப்பாற்ற வழி உண்டா?

கெடிலம்:
வணக்கம். அவசரமாக ஒரு உதவி வேண்டும்.

2018இல் என் கல்யாண வரவேற்புக்கு அப்பா ஒரு கறுப்புத் தோல் ஷூ வாங்கித் தந்தார். அளவு 8. அதற்கப்புறம் நாலைந்து தடவைதான் போட்டிருப்பேன். துடைத்து, பாலிஷ் போட்டு, வாங்கிய அட்டைப் பெட்டியிலேயே வைத்துப் பரணில் ஏற்றிவிட்டேன். நேற்று மச்சினன் கல்யாணத்துக்காக இறக்கிப் போட்டுப் பார்த்தேன். ஹாலில் பத்தடி நடப்பதற்குள் தரையெல்லாம் கறுப்புத் துகள். குதிகால் பக்கம் சோல் ரஸ்க் மாதிரி நொறுங்குகிறது. துகளைக் கையில் எடுத்தால் பிசுபிசுவென்று ஒட்டுகிறது. மேல்தோலில் ஒரு கீறல்கூட இல்லை. முன்பக்கம் மட்டும் வெள்ளையாகப் படர்ந்திருக்கிறது.

உடனே ஒட்டும் பசை வாங்கி ஒரு பக்கம் ஒட்டினேன். ஒட்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே பிய்ந்துவிட்டது. எலி கடித்த தடமும் இல்லை. வீடு கடலூரில், கடலுக்கு ரொம்பப் பக்கம்.

அப்பா 2021இல் தவறிவிட்டார். அதனால் புதிதாக வாங்கிக்கொள் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். கல்யாணத்துக்கு இன்னும் 12 நாள் இருக்கிறது.

வெயில்நேரம்:
போலிச் சரக்காக இருக்கும் நண்பரே. நல்ல ஷூ என்றால் இப்படி உதிராது. கடைக்காரர் உங்கள் அப்பாவை ஏமாற்றிவிட்டார் என்று நினைக்கிறேன்.

பாலாறு:
இல்லை, அப்படிச் சொல்ல வேண்டாம். அப்பா நல்ல ஷூவாகவே வாங்கியிருக்கலாம். நான் ஆம்பூர்ப் பக்கம் ஏற்றுமதி ஷூ ஆலையில் சோல் பிரிவில் 14 வருடம் இருந்தவன். விலை அதிகமான மலையேறும் பூட்ஸ்கூட இதே மாதிரி உதிர்ந்து பார்த்திருக்கிறேன்.

உங்கள் சோல் பியு, அதாவது பாலியூரித்தேன். உள்ளே நுண்ணிய காற்றறைகள் உள்ள நுரை அது. எடை குறைவு, மெத்தென்று இருக்கும், அதனால்தான் ஆபீஸ் ஷூக்களில் அதிகம் வருகிறது. ஆனால் இந்த பியுவில் பெரும்பாலானது பாலியெஸ்டர் வகை. காற்றில் இருக்கும் ஈரம் அதன் இணைப்புகளைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுக்கும். அப்படி அறுபடும்போது அமிலம் உண்டாகி, அறுபடும் வேகத்தை இன்னும் கூட்டும். வெப்பம் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். கடற்கரை ஈரம், பரண் சூடு, மூடிய பெட்டி, இத்தனை வருடம். நீங்கள் போட்டீர்களா இல்லையா என்பது அதற்குக் கணக்கே இல்லை. தினமும் போடும் ஷூவில் அந்தக் காலம் வருவதற்குள் சோல் தேய்ந்துவிடும், நாமும் தூக்கிப் போட்டுவிடுவோம். பத்திரமாக வைத்த ஷூவில்தான் இது கண்ணுக்குத் தெரிகிறது.

பசை ஏன் பிடிக்கவில்லை என்றால், பிடித்துக்கொள்ள அங்கே சோல் உயிரோடு இல்லை. சோல் முழுசாக, கெட்டியாக, வாய் பிளந்த மாதிரி கழன்றிருந்தால் அது பசைக் கோளாறு, ஒட்டினால் போதும். நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழுந்து துகள் வந்தால் சோலே போய்விட்டது. உங்களுடையது இரண்டாவது. தயவுசெய்து மேற்கொண்டு பசை ஊற்றாதீர்கள். அது கல் மாதிரி இறுகி, பின்னால் சுரண்டும்போது தோலையும் சேர்த்துப் பிய்க்கும்.

அப்பர், அதாவது மேல்தோல் பகுதி, நன்றாக இருக்கிறது என்கிறீர்கள். அப்படியென்றால் ஷூவைக் காப்பாற்றலாம். ஒன்று பார்த்துச் சொல்லுங்கள்: உள்ளே கால் படும் மெத்தையை மெல்லத் தூக்குங்கள். அடியில் கெட்டியான அட்டை தெரிகிறதா, இல்லை சுற்றிலும் தைத்த துணி தெரிகிறதா?

கெடிலம்:
ரொம்ப நன்றி அண்ணா. அப்பா ஏமாறவில்லை என்று தெரிந்ததே பெரிய நிம்மதி. தூக்கிப் பார்த்தேன், பழுப்பு நிற அட்டை, கெட்டியாக இருக்கிறது.

பாலாறு:
நல்லது தம்பி. அட்டை இருந்தால் தையல் தாங்கும். துணியாக இருந்திருந்தால் வேலை கஷ்டம்.

பழைய சோல் முழுவதையும் எடுக்க வேண்டும். கொஞ்சம் நன்றாக இருக்கிறதே என்று பழைய பியு மேலேயே புது சோலை ஒட்டச் சம்மதிக்காதீர்கள், ஆறு மாதத்தில் அதுவும் வந்துவிடும். அப்பரின் அடிப்பக்கத்தை உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, இரண்டு பக்கமும் சொல்யூஷன் என்கிற ஷூப் பசையைத் தடவி, பத்து பதினைந்து நிமிடம் காயவிட்டுத்தான் சேர்த்து அழுத்த வேண்டும். ஈரத்தோடு ஒட்டினால் பிடிக்காது. அப்புறம் சுற்றிலும் தையல். சோல் ரப்பர் அல்லது டிபிஆர் (சூட்டில் உருக்கி அச்சில் வார்க்கும் ரப்பர் வகை) என்று கேளுங்கள். இரண்டும் பியுவைவிடக் கனம், ஆனால் இப்படி உதிராது.

ஊசியும்நூலும்:
பாலாறு அண்ணன் சொன்னது சரி. என் மாமனார் பஸ் ஸ்டாண்டு ஓரம் 30 வருடம் செருப்புத் தைத்தவர், நானும் கூட இருந்து செய்திருக்கிறேன். இரண்டு விஷயம் சேர்த்துக்கொள்ளுங்கள். மூக்குப் பக்கம் வட்டமா, சதுரமா, கூரா என்று பார்த்து அதற்குப் பொருந்தும் சோல் கிடைக்க வேண்டும். வெறும் அளவு 8 என்று வாங்கினால் ஓரம் துருத்தும். அதனால் ஷூவோடு போங்கள், போன் போட்டு விலை கேட்டு முடிக்காதீர்கள். இன்னொன்று, தைப்பதற்கு முன் உள்ளே கால் வடிவ மரக்கட்டை போட்டு அழுத்துகிறாரா என்று பாருங்கள். கட்டை இல்லாமல் அழுத்தினால் வடிவம் கோணிப்போகும். இன்றைக்குக் கொடுத்து இன்றைக்கே கேட்காதீர்கள், ஒரு ராத்திரி கட்டையிலேயே கிடக்கட்டும்.

கெடிலம்:
சரி அண்ணா, நாளைக்கே போகிறேன். அந்த வெள்ளைப் படலம்? தேங்காய் எண்ணெய் தடவலாமா?

பாலாறு:
எண்ணெய் வேண்டாம். தோலைக் கறுக்கவைக்கும், தூசி பிடிக்கும், மேலே பாலிஷும் ஏறாது.

வெள்ளையாகத் தெரிவதெல்லாம் பூஞ்சை இல்லை. தோல் பதனிடும்போது உள்ளே ஏற்றிய கொழுப்பு சில சமயம் மேலே வந்து படியும். முடி உலர்த்தியை ஒரு முழம் தள்ளிப் பிடித்து லேசாகச் சூடு காட்டுங்கள். உருகி மறைந்தால் கொழுப்பு, துணியால் துடைத்துவிட்டால் போதும். மறையாமல், பஞ்சு மாதிரி, பழைய அலமாரி வாசனையோடு இருந்தால் பூஞ்சை. வெளியே கொண்டுபோய் உலர்ந்த துணியால் துடையுங்கள், அந்தத் துணியைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். பிறகு தண்ணீர் கலந்த வினிகரில் பிழிந்த துணி. முதலில் ஷூவின் நாக்குப் பக்கம், கண்ணில் படாத இடத்தில் கொஞ்சம் தேய்த்துப் பார்த்து, நிறம் போகவில்லை என்றால் மற்ற இடம். நிழலில் நன்றாகக் காயட்டும். வெயிலில் வைத்தால் தோல் சுருங்கி மடிப்பில் வெடிக்கும். காய்ந்தபின் கிரீம் தடவி ஊறவிட்டு, அதற்கு மேல் மெழுகு பாலிஷ். கிரீம் தோலுக்குச் சாப்பாடு, மெழுகு வெறும் பளபளப்பும் மழைக்குக் குடையும்தான்.

வெயில்நேரம்:
போலி என்று அவசரப்பட்டுச் சொல்லிவிட்டேன், மன்னிக்கவும். என்னுடைய ஷூவில் சோல் நன்றாக இருக்கிறது, மேல்தோல் செதில் செதிலாக உரிகிறது. அதுவும் இதே சங்கதியா?

பாலாறு:
பெரும்பாலும் அதேதான் சார். அது தோலாக இருக்காது, துணிமேல் பியு பூசியது. அந்தப் பூச்சுக்கும் ஈரம் எதிரி. உரிய ஆரம்பித்தால் நிறுத்த முடியாது, அதற்குச் செலவு பண்ணாதீர்கள்.

அடுத்த முறை வாங்கும்போது ஷூவின் உள்ளேயோ அடியிலேயோ சின்னப் படங்கள் இருக்கிறதா பாருங்கள். ஐரோப்பாவுக்குப் போகும் ஷூக்களில் இந்தப் படங்களோ, அதையே சொல்லும் எழுத்தோ கட்டாயம் இருக்கும். விரித்த விலங்குத்தோல் வடிவம் என்றால் தோல். அதற்குள் சாய்சதுரம் இருந்தால் மேலே பூச்சு கொடுத்த தோல். வலை போட்ட சதுரம் துணி, வெறும் சாய்சதுரம் வேறு பொருள். அப்பர், உள்பக்கம், சோல் மூன்றுக்கும் தனித்தனியாகப் போட்டிருப்பார்கள். சோலில் ஓரத்தையல் நிஜமாக உள்ளே இறங்குகிறதா, அச்சில் வார்த்த வெறும் கோடா என்று நகத்தால் நெருடிப் பாருங்கள். பாதி ஷூக்களில் அது அலங்காரம்தான். சாயங்காலம் போய் வாங்குங்கள், அப்போதுதான் கால் வீங்கியிருக்கும். இரண்டு காலையும் போட்டு நடந்து பார்த்து, பெரிய காலுக்கு ஏற்றதை எடுங்கள்.

மழைத்துளி:
சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வைத்தால் பியு பிழைக்குமா?

பாலாறு:
தள்ளிப்போடலாம், தடுக்க முடியாது. அந்தப் பொட்டலம் ஈரத்தைக் குடித்து நிறைந்துவிட்டால் அப்புறம் வெறும் கல். எப்படியும் ஒரு நாள் உதிரத்தான் போகிறது, அதனால் பூட்டி வைக்காமல் அவ்வப்போது எடுத்துப் போட்டு நடங்கள்.

கெடிலம்:
அண்ணன்களுக்கு நன்றி சொல்ல வந்தேன். கல்யாணம் நேற்று முடிந்தது.

முதலில் போன இடத்தில் பழைய சோல் மேலேயே ஒட்டித் தருகிறேன் என்றார்கள், வேண்டாம் என்று வந்துவிட்டேன். மணிக்கூண்டுப் பக்கம் ஒரு பெரியவர் ஷூவைக் கையில் வாங்கியதும் "பியு செத்துப்போச்சு" என்றார், அங்கேயே கொடுத்துவிட்டேன். ரப்பர் சோல், சுற்றிலும் தையல், இரண்டு நாள், 700 ரூபாய். வெள்ளைப் படலம் சூடு காட்டியதும் உருகிப் போய்விட்டது, கொழுப்புதான். ஷூ முன்பைவிடக் கொஞ்சம் கனம். வரவேற்பில் மூன்று மணி நேரம் நின்றேன், கால் வலிக்கவில்லை.

அட்டைப் பெட்டியைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டேன். ஷூ இப்போது துணிப்பையில், அலமாரியின் கீழ்த்தட்டில், உள்ளே கசக்கிய செய்தித்தாளோடு இருக்கிறது. வெள்ளிக்கிழமை ஆபீசுக்கு இதைத்தான் போடப் போகிறேன்.