ரயில் படியில் தொங்கிச் சாகிறவனுக்கு இழப்பீடு எதற்கு?

நங்கநல்லூர்வாசி:
நேற்று இங்கே ஒரு மேதை எழுதியிருந்தார்: "படியில் தொங்கி இறக்கும் பிள்ளைகள் எல்லாரும் ரயில்வே அலட்சியத்தின் பலிகள்." படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. சென்னை பழவந்தாங்கல் ரயில் நிலையத்தில் தினமும் இந்தக் கூத்தைப் பார்க்கிறேன். வண்டி நிற்பதற்கு முன்பே செருப்புக் காலை நடைமேடையில் தேய்த்துக்கொண்டு வருகிறார்கள். போன வாரம் ஒருவனுடைய செருப்பு கழன்று உருண்டது. கீரை விற்கும் அம்மா அதைக் காலாலேயே தண்டவாளத்தில் தள்ளிவிட்டு வாயில் வந்தபடி திட்டினார். அவனோ ஒற்றைச் செருப்போடு பல்லைக் காட்டிக்கொண்டே போகிறான், பின்னால் நிற்பவன் அதைச் செல்போனில் எடுக்கிறான். உள்ளே உட்கார இடம் காலியாகக் கிடக்கிறது! 2018இல் பரங்கிமலையில் ஐந்து பேர் செத்துமா புத்தி வரவில்லை? இவர்களுக்கு ஒரு பைசா இழப்பீடு கொடுக்கக் கூடாது. பெற்றோரிடம் அபராதம் வாங்க வேண்டும்.

சீசன்டிக்கெட்:
அந்த மேதை நான்தான். பெயரைச் சொல்லியே திட்டலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன். செருப்புத் தேய்க்கிறவனுக்கு நான் எங்கே வக்காலத்து வாங்கினேன்? பரங்கிமலையை ஏன் இதில் இழுக்கிறீர்கள்? அன்றைக்கு ஜூலை 24, காலையில் எல்லாரும் வேலைக்குக் கிளம்பும் நேரம். கோடம்பாக்கம் பக்கம் மின்கம்பி அறுந்து வண்டிகள் அங்கங்கே நின்றுவிட்டன. கடற்கரை நிலையத்திலிருந்து திருமால்பூர் போகிற லோக்கல் வண்டியை வழக்கமான தடத்தில் விடாமல் எக்ஸ்பிரஸ் தடத்தில் விட்டார்கள். அந்தத் தடத்தை ஒட்டித்தான் கான்கிரீட் சுவர். லோக்கல் பெட்டி 12 அடி அகலம், எக்ஸ்பிரஸ் பெட்டியைவிட ஓரடிக்கு மேல் அதிகம். தொங்கியவர்கள் சுவரில் அடிபட்டு விழுந்தார்கள். ரீல்ஸ் எடுக்கப் போனவர்கள் இல்லை, வேலைக்கும் படிப்புக்கும் போனவர்கள்.

பச்சைக்கொடி:
லோக்கல் வண்டியின் கடைசிப் பெட்டியிலேயே, கார்டாக, என் உத்தியோக காலம் முடிந்தது. ஆகவே கொஞ்சம் தெரிந்து பேசுகிறேன். சுவர் நகர்ந்து வந்து யாரையும் அடிக்கவில்லை. அது பாட்டுக்கு அங்கேயே இருந்தது. உள்ளே நின்றிருந்தவர்கள் பத்திரமாக ஊர் போய்ச் சேர்ந்தார்களா இல்லையா? ரயில்வே சட்டம் 156ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது: எச்சரித்த பிறகும் படியிலோ கூரையிலோ பயணம் செய்தால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 500 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இதில் தடம் எங்கே வந்தது?

சீசன்டிக்கெட்:
சுவர் அங்கேயே இருந்தது, சரி. அந்த வண்டி அங்கே வராதே சார்! தினமும் ஏறுகிறவனுக்கு எந்த இடத்தில் கம்பம் கிட்டே வரும், எங்கே உடம்பை உள்ளே இழுக்க வேண்டும் என்று மனப்பாடமாகத் தெரியும். தடத்தை மாற்றினால் அந்தக் கணக்கு மொத்தமும் போச்சு. முந்தின இரவும் அதே இடத்தில் உயிர் போயிருக்கிறது. அப்படியிருந்தும் காலையில் கூட்டம் பிதுங்குகிற வண்டியை அதே வழியாக அனுப்பியது யார்? நானா? தொங்கியவனின் அப்பாவா?

ஆதம்பாக்கம் அகிலா:
ஒரு சின்னச் சந்தேகம். கூரையில் ஏறுவது, ஜன்னல் கம்பியைப் பிடித்து வெளியே நிற்பது, கூட்டத்தில் உள்ளே போக முடியாமல் படியில் நிற்பது, இந்த மூன்றையும் ஒன்றாகவா பேசிக்கொண்டிருக்கிறோம்? எதைப் பற்றிய விவாதம் என்று முதலில் முடிவு செய்தால் நல்லது. கூரைக்கு மேலே 25,000 வோல்ட் ஓடுகிறது. கம்பியைத் தொடக்கூட வேண்டாம், கிட்டே போனாலே இழுத்துவிடும். நின்றுகொண்டிருக்கும் சரக்கு ரயில் மேல் ஏறிப் படம் எடுக்கப் போகிற பையன்களுக்கு இது தெரியவே இல்லை.

நங்கநல்லூர்வாசி:
சீசன் சாரின் வாதம் பிரமாதம். தொங்கலாம், ஆனால் மனப்பாடம் செய்துவிட்டுத் தொங்க வேண்டும். இதை ரயில்வே ஒரு தேர்வாகவே நடத்தலாம்.

சீசன்டிக்கெட்:
நீங்கள் கடைசியாக எப்போது காலை எட்டரைக்கு லோக்கலில் ஏறினீர்கள்? கீரைக்கடை ஓரமாக நின்று பார்ப்பது கணக்கில் வராது. மாம்பலத்தில் ஏறும்போது நடுக்கம்பியைப் பிடிக்க ஒரு விரலுக்கு இடம் கிடைத்தால் அதுவே அதிர்ஷ்டம். கம்பி முழுக்க அடுத்தவன் வியர்வை. முன்னால் நிற்பவரின் டிபன் பை வயிற்றில் குத்துகிறது, பின்னால் இருப்பவன் இன்னும் ஏறுகிறான். உள்ளே போகச் சொல்லி எல்லாரும் கத்துகிறார்கள். யார் உள்ளே போவது? கிண்டியில் இறங்க வேண்டியவன் உள்ளே போனால் தாம்பரத்தில்தான் வெளியே வருவான். அதனால் வாசலிலேயே நிற்கிறான். இதில் வீரமும் கிடையாது, விளையாட்டும் கிடையாது.

பொன்னேரி பையன்:
அண்ணே சரியாகச் சொன்னார். எங்கள் கும்மிடிப்பூண்டி தடத்திலும் இதே கதைதான். ஜன்னலில் ஏறி நிற்கிறவன் இருக்கிறான், இல்லை என்று சொல்லவில்லை. ரூட்டு தல, அதாவது அந்தத் தடத்து மாணவர் கும்பலுக்குத் தலைவன், என்று நாலு பேர் கானா பாடிக்கொண்டு பெட்டியைத் தட்டினால் மொத்தக் கல்லூரிக்கும் கெட்ட பேர். நாங்கள் வாசலில் நின்றாலே பெரியவர்கள் போலீஸ் மாதிரி முறைக்கிறார்கள்.

நங்கநல்லூர்வாசி:
நாலு பேரா தம்பி? 2017இல் ரயில் வாசலில் தொங்கிக்கொண்டு பட்டாக்கத்தியை நடைமேடையில் உரசிக்கொண்டு போன வீடியோவை ஊரே பார்த்தது. அவர்களும் கிண்டியில் இறங்க வேண்டியவர்களா?

பொன்னேரி பையன்:
கத்திக்காரனுக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்? நான் செமஸ்டர் பீஸ் கட்டவே திண்டாடுகிறேன்.

கருப்புக்கோட்டு:
இழப்பீடு என்று தலைப்பு வைத்துவிட்டு யாருமே அதைப் பேசவில்லை. ரயில்வே சட்டம் 124ஏ பிரிவின்படி ஓடும் ரயிலிலிருந்து தவறி விழுந்தால், ரயில்வேயின் மேல் தப்பு இருக்கிறதா இல்லையா என்று பார்க்காமலே இழப்பீடு உண்டு. உயிரிழப்புக்கு 2017 முதல் 8 லட்சம். பயணியின் கவனக்குறைவைக் காட்டி மறுக்க முடியாது என்று 2018இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தற்கொலை, தானே வரவழைத்துக்கொண்ட காயம், குற்றச் செயல், போதை, இப்படிச் சிலவற்றுக்குத்தான் கிடையாது. ஆக "ஒரு பைசா கூடாது" என்பது சட்டம் இல்லை, நங்கநல்லூர் ஆசை.

பச்சைக்கொடி:
வக்கீல் சார், குற்றச் செயல் என்று நீங்களே சொல்கிறீர்கள். 156இன்படி தொங்குவதே குற்றம். முடிந்தது கதை.

கருப்புக்கோட்டு:
"எச்சரித்த பிறகும்" என்று நீங்களே மேலே எழுதினீர்கள். அன்றைக்கு எச்சரித்தது யார்? சுவரா?

பச்சைக்கொடி:
ஒலிபெருக்கியில் நாள் முழுக்கச் சொல்கிறோமே, அது காதில் விழவில்லையா? மறுபடியும் சொல்கிறேன், சுவர் நகரவில்லை.

சீசன்டிக்கெட்:
நானும் மறுபடியும் சொல்கிறேன், வண்டி தடம் மாறியது.

பச்சைக்கொடி:
அந்தத் தடத்தில் அதற்கு முன், சில நிலையங்களில் நிற்காமல் போகிற ஃபாஸ்ட் லோக்கல் போனதே இல்லையா? தெரியாவிட்டால் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

சீசன்டிக்கெட்:
போயிருக்கட்டும். மூன்று வண்டிக் கூட்டத்தை ஒரே வண்டியில் அடைத்துக்கொண்டு போயிற்றா? படியில் நாலு வரிசையாகத் தொங்கிக்கொண்டு போயிற்றா? கேள்வி தடத்தைப் பற்றி, நீங்கள் பதில் சொல்வது கால அட்டவணையைப் பற்றி. இரண்டு மாதம் முன்பு ஷேர் ஆட்டோ விவாதத்திலும் இப்படித்தான் நழுவினீர்கள்.

பச்சைக்கொடி:
ஷேர் ஆட்டோவில் நான் சொன்னதுதான் கடைசியில் நடந்தது. எல்லாருக்கும் தெரியும்.

ஆதம்பாக்கம் அகிலா:
என் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை, பரவாயில்லை. மும்பையில் 2025 ஜூன் 9 அன்று மும்ப்ரா பக்கம் எதிரெதிரே போன இரண்டு லோக்கல்களில் தொங்கியவர்கள் ஒருவர் மேல் ஒருவர் உரசி விழுந்து இறந்தார்கள். அங்கே சுவரும் இல்லை, தடமும் மாறவில்லை. அதற்கப்புறம் புது லோக்கல் வண்டிகளுக்குத் தானியங்கிக் கதவு என்று ரயில்வே அறிவித்தது. கதவு இருந்தால் தொங்கவே முடியாதே?

நங்கநல்லூர்வாசி:
அதேதான். கதவைப் பூட்டுங்கள்.

சீசன்டிக்கெட்:
மேடம், மும்பைக் கதை இங்கே எதற்கு? ஏசி இல்லாத பெட்டியில் கதவை மூடினால் சித்திரை வெயிலில் உள்ளே என்ன ஆகும் என்று நங்கநல்லூராரை உட்காரவைத்துப் பார்க்கலாம். நம் ஊரிலும் 2025 ஏப்ரலில் கதவு மூடுகிற ஏசி லோக்கல் வந்துவிட்டது. கடற்கரையிலிருந்து செங்கல்பட்டுக்கு 105 ரூபாய். தொங்கிக்கொண்டு போகிறவனின் ஒரு நாள் சம்பளத்தில் அது எவ்வளவு என்று யாராவது கணக்குப் போட்டீர்களா?

நங்கநல்லூர்வாசி:
செல்போனுக்கு மட்டும் காசு இருக்கிறதாக்கும்.

பொன்னேரி பையன்:
சார், போன் மாமா கொடுத்த பழசு.

நங்கநல்லூர்வாசி:
உன்னைச் சொல்லவில்லை தம்பி.

பொன்னேரி பையன்:
என்னைத்தான் சொன்னீர்கள். மேலே போய்ப் படியுங்கள்.

ஆதம்பாக்கம் அகிலா:
ஏசி வண்டி சரியான நேரத்துக்கு வருவதும் கிடையாது. பெண்கள் பெட்டியில் எட்டரை மணிக்கு ஆண்கள் ஏறுவதைப் பற்றி யாராவது தனியாக ஒரு விவாதம் ஆரம்பியுங்கள், நானும் வருகிறேன்.

பச்சைக்கொடி:
பெண்கள் பெட்டியில் ஏறுவதற்கும் சட்டப் பிரிவு இருக்கிறது. அதையும் யாரும் மதிப்பதில்லை. எல்லாவற்றுக்கும் தடம் மாறியது என்றே சொல்லிக்கொண்டிருங்கள்.

சீசன்டிக்கெட்:
மாறியதா இல்லையா? ஆமாம், இல்லை என்று ஒரே வார்த்தையில் சொல்லுங்கள் சார். கொடி ஆட்டுகிற மாதிரி எழுதாதீர்கள்.

பச்சைக்கொடி:
என் உத்தியோகத்தை இழுத்துப் பேசுகிறவருக்கு நான் பதில் சொல்வதாக இல்லை.

சீசன்டிக்கெட்:
உத்தியோகத்தை முதலில் இழுத்ததே நீங்கள்தான். நாளைக்கும் எட்டரை வண்டியில்தான் போகிறேன், நங்கநல்லூராரும் கூட வரலாம், மாம்பலத்திலேயே ஏறட்டும். பதில் வரும்வரை இதே கேள்வியைத்தான் போட்டுக்கொண்டிருப்பேன்.

நங்கநல்லூர்வாசி:
நான் பஸ்ஸில் போய்க்கொள்கிறேன்.

பொன்னேரி பையன்:
பஸ்ஸிலும் படி இருக்கிறது சார்.