பத்து நிமிடம் தாண்டினால் மௌனம் கலைகிறது, வழி சொல்லுங்கள்

இயேசுவுக்கே புகழ். ரங்கூனில் ஒரு வீட்டு மாடியில், வாரத்தில் ஒருநாள் மாலை எங்கள் தமிழ்க் குழு கூடி மௌன ஜெபம் செய்கிறது. தவக்காலத்தில் ஆரம்பித்தோம். பெனடிக்ட் சபைத் துறவி ஜான் மெயின் அடிகளார் சொன்ன முறைதான்: நிமிர்ந்து உட்கார்ந்து, 'மாரனாத்தா' (அரமேய மொழியில் 'ஆண்டவரே வாரும்') என்று மனதுக்குள் மெல்லச் சொல்லிக்கொண்டே 20 நிமிடம்.

முதல் பாதி நன்றாகவே போகிறது. அப்புறம் கரண்ட் போகும், கீழ்க் கடை ஜெனரேட்டர் உறுமும், ஒருவர் குறட்டை விடுவார். பெரியம்மா ஒருவர் ஜெபமாலையை முணுமுணுக்க ஆரம்பித்துவிடுவார். "சும்மா உட்கார்றது புத்த மடத்துல செய்ற விபாசனாதானே?" என்பது அவர் கேள்வி. இங்கே அந்தச் சந்தேகம் வருவது இயல்புதான்.

பாயை விட்டு நாற்காலிக்கு மாறினோம். ஜெபமாலையை முதலிலேயே முடித்துப் பார்த்தோம். பெரியம்மா சமாதானமானார், தூக்கம் மட்டும் போகவில்லை. காலை நேரம் வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒத்துவரவில்லை. பங்குச் சாமி "தொடருங்கள்" என்கிறார், அவ்வளவுதான்.

நடுவில் ஒரு திருப்பாடல் வரி வாசித்து, 20 நிமிடத்தை இரண்டாகப் பிரித்து நடத்திய குழு யாராவது இருக்கிறீர்களா, அது எடுபட்டதா?