'முதல் பெண்மணி': எதில் முதல்?

எழுத்தாணி:
அமெரிக்க அதிபர்களைப் பற்றிய நீண்ட கட்டுரை ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். அதிபரின் மனைவியைக் குறிக்கும் 'ஃபர்ஸ்ட் லேடி' வந்த இடமெல்லாம் வழக்கப்படி 'முதல் பெண்மணி' என்று போட்டுவிட்டேன். "முதல் பெண்மணி ஜாக்குலின் கென்னடி 1961இல் வெள்ளை மாளிகையைப் புதுப்பிக்கத் தொடங்கினார்" என்ற வரியைப் படித்த என் மகள், "இவங்க எதுல முதல்?" என்று கேட்டாள். சட்டென்று பதில் சொல்ல வரவில்லை. 'விண்வெளிக்குச் சென்ற முதல் பெண்மணி தெரஷ்கோவா' என்றும் நாம்தானே எழுதுகிறோம்? இரண்டுக்கும் ஒரே சொல். பேசாமல் 'அதிபரின் மனைவி' என்றே எழுதிவிடலாம் என்று நினைக்கிறேன். உங்கள் கருத்து என்ன?

வேர்ச்சொல்:
அவசரப்படாதீர்கள் நண்பரே. தமிழில் 'முதல்' என்பது வரிசையையும் குறிக்கும், தலைமையையும் குறிக்கும். முதலமைச்சர் என்றால் முதன்முதலில் அமைச்சரானவர் என்றா புரிந்துகொள்கிறோம்? உங்கள் வரியில் சிக்கலே அந்த இடைவெளிதான். 'முதற்பெண்மணி' என்று சேர்த்து எழுதுங்கள், பட்டம் என்பது தெரிந்துவிடும். பல ஆண்டுகளாகப் புழங்கும் சொல்லை ஒரு குழப்பத்துக்காகத் தூக்கி எறிய வேண்டாம்.

மல்லிகா:
வேர்ச்சொல் ஐயா, முதலமைச்சரோடு ஒப்பிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. மற்ற அமைச்சர்களுக்குத் தலைமை வகிப்பதால் அவர் முதலமைச்சர். இவர் யாருக்குத் தலைமை? நாட்டிலுள்ள பெண்களுக்கெல்லாமா? 2007இல் பிரதிபா பாட்டீல் நம் குடியரசுத் தலைவரானபோது அவரை 'முதல் குடிமகள்' என்றோம். அது பதவியால் வந்தது. தேர்தலில் நிற்காத ஒருவரைத் திருமணத்தை வைத்து 'முதல்' என்பது வேறு கதை. ஜாக்குலின் கென்னடிக்கே அந்தப் பட்டம் பிடிக்காது, மிஸஸ் கென்னடி என்று அழைக்கவே விரும்பினார். 2018இல் மெக்சிகோ அதிபரின் மனைவி பெயாட்ரிஸ் குட்டியேரஸ் முல்லரும் அந்தப் பட்டத்தை ஏற்கவில்லை. பெண்களில் முதல் தரம், இரண்டாம் தரம் என்று பிரிக்கக் கூடாது என்பது அவர் வாதம்.

எழுத்தாணி:
நானும் அந்தப் பக்கம்தான் சாய்கிறேன் அக்கா. அமெரிக்க அரசியலமைப்பில் அப்படி ஒரு பதவியே கிடையாது, சம்பளமும் கிடையாது. அப்புறம் எதற்கு நாம் தமிழில் பட்டம் கட்ட வேண்டும்?

வேர்ச்சொல்:
சரி, 'அதிபரின் மனைவி' என்றே எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஹாரியட் லேன் வரும்போது என்ன செய்வீர்கள்? 1857 முதல் 1861 வரை அதிபராக இருந்த புக்கானன் திருமணமே செய்துகொள்ளாதவர். வெள்ளை மாளிகையில் விருந்தினரை வரவேற்கும் பொறுப்பை ஏற்றவர் அவருடைய சகோதரி மகள் ஹாரியட். அவரையும் முதற்பெண்மணிகள் வரிசையில்தான் சேர்க்கிறார்கள். ஆக, அந்தப் பட்டம் ஒரு பொறுப்புக்கு உரியது. 1978இல் வந்த சட்டத்தைப் பாருங்கள். அதிபருக்குத் துணையாக வாழ்க்கைத்துணை செய்யும் பணிகளுக்கு அரசு உதவியாளர்களைத் தருகிறது. வாழ்க்கைத்துணை இல்லையென்றால், குடும்பத்தில் அதிபர் குறிப்பிடும் ஒருவருக்கு அந்த உதவி போகும். அதிபர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டின் மனைவி எலினார் ரூஸ்வெல்ட் பெண் செய்தியாளர்களுக்கென்றே தனியாகச் சந்திப்புகள் நடத்தினார். அதனால் பத்திரிகைகள் பெண்களை வேலைக்கு வைத்துக்கொள்ள வேண்டி வந்தது. இவ்வளவும் செய்தவரை வெறும் 'மனைவி' என்பது எனக்கு உறுத்துகிறது.

மல்லிகா:
எலினார் செய்ததை நான் ஒருநாளும் குறைத்துப் பேச மாட்டேன். உழைப்பு இருக்கிறது என்றால் அந்த உழைப்பைச் சொல்லி எழுதலாமே ஐயா. சிலியில் 2022இல் அதிபரின் துணைவி இரினா கரமானோஸ் அதைத்தான் செய்தார். அந்தப் பட்டத்தின் கீழ் இருந்த நிறுவனங்களின் பொறுப்பை அமைச்சகங்களிடம் ஒப்படைத்துவிட்டு விலகிக்கொண்டார். சோழர் கல்வெட்டுகளில் அரசனின் புகழைச் சொல்லும் மெய்க்கீர்த்திகளையே எடுத்துக்கொள்ளுங்கள். அரசனோடு வீற்றிருந்த அரசி 'புவனமுழுதுடையாள்', 'உலகமுழுதுடையாள்' என்று வருகிறாள். எவ்வளவு அழகான தமிழ்! ஆனால் ஒருவருக்குப் பின் ஒருவராக வந்த அரசியருக்கும் அதே பட்டம்தான். அவளை வீட்டில் என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள் என்று அந்த வரியில் தேடினால் கிடைக்காது. எனக்கு அதுதான் வலிக்கிறது.

வேர்ச்சொல்:
அந்த வலி எனக்கும் புரிகிறது அம்மா. ஆனால் அந்தப் பட்டமாவது கல்லில் இல்லாமல் போயிருந்தால், அரசனின் பக்கத்தில் ஒருத்தி அமர்ந்திருந்தாள் என்பதே நமக்குத் தெரிந்திருக்காது. நான் என் கட்சியிலேயே இருக்கிறேன்.

எழுத்தாணி:
ஹாரியட் லேன் விஷயத்தை நான் யோசிக்கவே இல்லை, நன்றி ஐயா. பட்டத்தைப் பற்றியே கட்டுரை பேசும் இடங்களில் 'முதற்பெண்மணி' என்று சேர்த்து எழுதுகிறேன். மற்ற இடங்களில் 'அதிபரின் மனைவி ஜாக்குலின் கென்னடி' என்று வைத்துக்கொள்கிறேன்.

மல்லிகா:
வெள்ளை மாளிகையைப் புதுப்பிக்கும் வரியில் அதுவும் வேண்டாமே தம்பி. 'ஜாக்குலின் கென்னடி 1961இல்' என்று அவர் பெயரிலேயே தொடங்குங்கள். யாருடைய மனைவி என்பது அடுத்த வரியில் வரட்டும்.