பட்டன் ஃபோனுக்கு மாறினால் உண்மையில் காசு மிச்சமா?

உட்லண்ட்ஸ்வாசி கேட்டது:

வணக்கம். சிங்கப்பூரில் இருக்கிறேன். என் 24 மாத ஃபோன் கான்ட்ராக்ட் அடுத்த மாதம் முடிகிறது. மாதம் 65 வெள்ளி போகிறது. புது ஸ்மார்ட்ஃபோன் எடுத்து மறுபடி ரெண்டு வருஷம் மாட்டிக்கொள்ள மனசில்லை. பேசவும் எஸ்எம்எஸ் பார்க்கவும் ஒரு பட்டன் ஃபோன் போதும். ஊரில் பழைய நோக்கியா ஒன்று சும்மா கிடக்கிறது, வருபவர்களிடம் கொடுத்தனுப்பச் சொல்லலாமா? சிங்பாஸ் (அரசுச் சேவைகளுக்கான மின்-அடையாளம்), வங்கி, வாட்ஸ்அப் எல்லாம் என்ன ஆகும்? பிள்ளை தொடக்கநிலை 2 படிக்கிறாள், பள்ளிச் செய்தி எல்லாம் ஃபோனில்தான் வருகிறது.

சிக்னல்காரன்:

அந்த நோக்கியா ஊரிலேயே இருக்கட்டும். இங்கே 2ஜி 2017 ஏப்ரலில் நின்றுவிட்டது, 3ஜியை 2024-ல் மூடினார்கள். பழைய பட்டன் ஃபோனில் சிம் போட்டால் சிக்னலே வராது. ஜியோஃபோனும் ஆகாது, அது ஜியோ சிம்முக்கு மட்டும் பூட்டப்பட்டது.

இங்கே வாங்கும்போதும் பெட்டியில் '4ஜி' என்று போட்டிருப்பதை மட்டும் நம்பிவிடாதீர்கள். வோ-எல்டிஇ, அதாவது 4ஜியிலேயே பேசும் வசதி வேண்டும். அது இல்லாத ஃபோன் அழைப்பு வந்ததும் 3ஜிக்கோ 2ஜிக்கோ இறங்கப் பார்க்கும். இறங்க இடமே இல்லை என்பதால் அழைப்பு விழுந்துவிடும். எஸ்எம்எஸ் வரும், நெட்டும் ஓடும், ஆனால் பேச முடியாது என்றால் காரணம் பெரும்பாலும் இதுதான். ஆம்புலன்ஸ், தீயணைப்புக்கான 995-க்குப் போடும் அழைப்புக்கும் அதே கதி ஆகலாம், அதனால் இதில் அசட்டை வேண்டாம். ஃபோனில் வோ-எல்டிஇ இருந்தும் உங்கள் டெல்கோ (லைன் தரும் நிறுவனம்) அந்த மாடலை ஏற்கவில்லை என்றால் அதே தொல்லைதான். மாடல் பெயரைச் சொல்லி முதலில் டெல்கோவிடம் கேளுங்கள்.

சிம் லிம் ஸ்கொயரிலோ முஸ்தபாவிலோ வாங்கினால், விற்பவர் விட்டால் கடையிலேயே உங்கள் சிம்மைப் போட்டு ஒரு அழைப்பு போடுங்கள், ஒன்று வரவழையுங்கள். பேசும்போதும் மேலே 4ஜி குறி அப்படியே நின்றால் சரி. இப்போது இ-சிம் வைத்திருக்கிறீர்களா? சாதாரண பட்டன் ஃபோனில் அது ஏறாது, பிளாஸ்டிக் சிம்முக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

கணக்குப்பிள்ளை:

கேள்வியையே கொஞ்சம் திருப்பிப் போடுகிறேன். உங்கள் காசைத் தின்பது கான்ட்ராக்ட், ஃபோன் இல்லை. அந்த 65 வெள்ளியில் ஒரு பகுதி ஃபோனின் தவணை. கான்ட்ராக்ட் முடிந்தாலும் பல பிளான்களில் கட்டணம் தானாக இறங்காது, நீங்கள் வாய் திறந்து கேட்கும்வரை அதே தொகை போய்க்கொண்டே இருக்கும். சிம் மட்டும் தரும், கான்ட்ராக்ட் இல்லாத பிளான்கள் இங்கே மாதம் 10 வெள்ளியிலிருந்தே கிடைக்கின்றன. கையில் இருக்கும் ஃபோனையே வைத்துக்கொண்டு அதற்கு மாறினால் மாதம் 55, வருஷத்துக்கு 660 வெள்ளி மிச்சம். பட்டன் ஃபோன் வாங்கினால் இதற்கு மேல் பெரிதாக ஒன்றும் மிஞ்சாது. ஸ்க்ரீனைப் பார்ப்பது குறையும் என்பது வேறு கணக்கு.

மாறும்போது பழைய லைனை நீங்களே வெட்டிவிடாதீர்கள், எண் போய்விடும். புது டெல்கோவில் எண்ணோடு மாறுகிறேன் என்று பதிந்தால் பழைய லைன் தானாக முடியும். இரண்டு இடத்திலும் பெயரும் அடையாள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். மனைவி பெயரில் லைன் இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். கான்ட்ராக்ட் முடியும் தேதிக்கு ஒரு நாள் முன்னால் மாற்றினாலும் அபராதம் விழும், தேதியை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ப்ரீபெய்ட் இன்னும் மலிவு என்று சிலர் சொல்வார்கள். டாப்-அப் மறந்து காலாவதியானால் எண் கைவிட்டுப் போகும். வங்கி ஓடிபி வரும் எண்ணை அதில் வைப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

மின்மினி:

சிங்பாஸ், வங்கிக்கு: பழைய ஸ்மார்ட்ஃபோனை விற்காதீர்கள், ரீசெட்டும் செய்யாதீர்கள். சிம்மைக் கழற்றிவிட்டு வீட்டு வைஃபையில் வைத்துக்கொள்ளுங்கள். சிங்பாஸ் செயலி சிம் இல்லாமலும் ஓடும். செயலி இல்லாவிட்டாலும் கடவுச்சொல், எஸ்எம்எஸ் ஓடிபி வழி இருக்கிறது, ஆனால் சில சேவைகளில் முகத்தையும் சரிபார்ப்பார்கள்.

வங்கியில் நீங்கள் டிஜிட்டல் டோக்கன் (வங்கிச் செயலியிலேயே ஒப்புதல் தரும் முறை) பயன்படுத்துபவராக இருந்தால் எஸ்எம்எஸ் ஓடிபியை நம்ப முடியாது. 2024 ஜூலையிலேயே அதைப் படிப்படியாக நிறுத்துவதாக அறிவித்துவிட்டார்கள். டோக்கன் அந்தப் பழைய ஃபோனிலேயே இருக்கட்டும். வேறு ஃபோனுக்கு மாற்றினால் 12 மணி நேரக் காத்திருப்பு உண்டு, வாடகை கட்டும் நாளில் மாற்றாதீர்கள்.

வாட்ஸ்அப் அதே எண்ணில் பழைய ஃபோனில் ஓடும். மறுபடி பதியச் சொன்னால் ஆறு இலக்கக் குறியீடு பட்டன் ஃபோனுக்கு வரும், பார்த்துத் தட்டுங்கள். கணினியில் வாட்ஸ்அப் வைத்திருந்தால் 14 நாளுக்கு ஒருமுறையாவது ஃபோனில் திறக்க வேண்டும், இல்லையென்றால் கணினியில் வெளியேற்றிவிடும். பட்டன் ஃபோனிலேயே வாட்ஸ்அப் என்று கடைக்காரர் சொன்னால் கவனம்: காய்ஓஎஸ் (சில பட்டன் ஃபோன்களில் ஓடும் மென்பொருள்) ஃபோன்களுக்கு வாட்ஸ்அப்பைப் புதிதாக இறக்குவதை 2024 ஜூனிலேயே நிறுத்திவிட்டார்கள். பள்ளிச் செய்தி வரும் பேரன்ட்ஸ் கேட்வே செயலியும் பழைய ஃபோனில்தான், தினம் மாலை ஒருமுறை திறந்து பாருங்கள்.

பழைய ஃபோனை இரவுபகலாக சார்ஜரில் செருகியே வைக்காதீர்கள், பேட்டரி உப்பிவிடும். பின்மூடி தூக்கிக்கொண்டு தெரிந்தால் உடனே நிறுத்துங்கள்.

உட்லண்ட்ஸ்வாசி:

ரொம்ப நன்றி. இரண்டு சந்தேகம். தொடர்பு எண்கள் 600 இருக்கும், எப்படி மாற்றுவது? அம்மா ஊரிலிருந்து தமிழில் எஸ்எம்எஸ் அனுப்புவார், தெரியுமா?

சிக்னல்காரன்:

சிம்மில் ஏற்றாதீர்கள். பெரும்பாலான சிம்களில் 250 பெயர்தான் பிடிக்கும், நீளமான பெயர்கள் பாதியில் வெட்டுப்படும். ஸ்மார்ட்ஃபோனில் எல்லாவற்றையும் ஒரே விசிஎஃப் கோப்பாக எடுத்து ப்ளூடூத்தில் அனுப்புங்கள். வாங்கும் மாடல் எத்தனை பெயர் பிடிக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒருவருக்கு இரண்டு எண் இருந்தால் சில மாடல்கள் முதல் எண்ணை மட்டும் எடுக்கும், முக்கியமான பத்துப் பேரையாவது கையால் சரிபாருங்கள்.

தமிழ் எஸ்எம்எஸ் மாடலைப் பொறுத்தது. எழுத்துரு இல்லாத ஃபோனில் கட்டம் கட்டமாகத் தெரியும், கடையிலேயே ஒன்று அனுப்பிப் பாருங்கள். தமிழில் ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 70 குறியீடுதான், ஆங்கிலத்தில் 160. 'கொ' போன்ற எழுத்து ஒன்றுக்கே இரண்டு போகும். அம்மாவின் நீளமான செய்தி இரண்டு மூன்றாகப் பிரிந்து அவர் கணக்கில் காசு போகும்.

மின்மினி:

ஒன்று விட்டுப்போச்சு. மோசடிக்குப் பயந்து வெளிநாட்டு அழைப்புகளை மொத்தமாகத் தடுக்கும் வசதியை டெல்கோக்கள் தருகின்றன. அதைப் போட்டுவிட்டால் அம்மாவின் அழைப்பும் வராது. சந்தேகமான அழைப்பு வந்தால் செயலி இல்லாமலே மோசடி உதவி எண்ணான 1799-ல் கேட்கலாம்.