அவசரப் பணியாளர்களுக்குப் பூங்காவில் இலவச அனுமதி: மனுவில் யாரையெல்லாம் சேர்ப்பது?

இரவுப்பணி:
ஆம்புலன்ஸில் மருத்துவ உதவியாளராக இருக்கிறேன். தீயணைப்பு, ஆம்புலன்ஸ், மீட்புப் பணியில் இருப்பவர்களைப் பொதுப் பூங்காக்களில் கட்டணமில்லாமல் விடச் சொல்லி மனு எழுதுகிறேன். அடிபட்ட குழந்தையை ஆஸ்பத்திரியில் ஒப்படைத்துவிட்டு, ஸ்ட்ரெச்சரைத் துடைத்து, உடனே அடுத்த அழைப்புக்குக் கிளம்புகிற வேலை இது. ஷிப்ட் முடிந்து நேராக வீட்டுக்குப் போனால் அந்த முகமும் கூடவே வருகிறது. நடுவில் மரங்களுக்குக் கீழே கொஞ்ச நேரம் நடந்துவிட்டுப் போனால் என் பிள்ளைகளிடம் பொறுமையாகப் பேச முடிகிறது. யாரையெல்லாம் சேர்க்கலாம்? குடும்பத்துக்கும் கேட்கலாமா?

வாசல்காரர்:
பூங்கா நுழைவாயிலில் வேலை பார்க்கிறேன். தாராளமாகக் கேளுங்கள். அமெரிக்க தேசியப் பூங்காக்களில் ராணுவத்தினருக்கு இலவச பாஸ் உண்டு. வண்டிக்குக் கட்டணம் வாங்கும் இடங்களில் அந்த வண்டியில் வரும் எல்லோருக்கும் அது செல்லும். அதே முறையைக் கேட்கலாம். சரிபார்க்கத் துறையின் புகைப்பட அட்டை போதும் என்று எழுதுங்கள். தனி விண்ணப்பம், அலுவலக நேரத்தில் நேரில் வா என்றெல்லாம் வைத்தால் இரவில் வேலை செய்கிறவர் எப்போது வருவார்? தன்னார்வத் தீயணைப்பு வீரர்கள் சிலரிடம் அட்டையே இருக்காது. நிலைய அதிகாரியின் கடிதத்தையும் ஏற்கச் சொல்லுங்கள்.

மறுமுனை:
அவசர அழைப்பு எடுக்கிறவர்களை விட்டுவிடாதீர்கள். நான் அந்த வேலையில் இருக்கிறேன். மூச்சு நின்ற அப்பாவின் நெஞ்சை எப்படி அழுத்துவது என்று ஒரு மகளுக்குச் சொல்லிக்கொண்டே இருப்போம். வண்டி வந்ததும் இணைப்பு துண்டிக்கப்படும். அவர் பிழைத்தாரா என்பது பெரும்பாலும் எங்களுக்குத் தெரியவே வராது. சம்பவ இடத்துக்குப் போகவில்லை என்பதால் இந்த மாதிரிப் பட்டியல்களில் எங்கள் பெயர் விட்டுப்போகிறது.

இன்னொன்று. வருடத்தில் ஒருநாள் மரியாதை தினம் என்று கொடுத்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள், அன்று பாதிப்பேர் பணியில் இருப்போம். 2019-ல் இங்கிலாந்தில் சுமார் 20,000 பேரை வைத்து வந்த ஆய்வில், வாரம் 120 நிமிடமாவது இயற்கைச் சூழலில் இருந்தவர்கள் உடலும் மனமும் நன்றாக இருப்பதாக அதிகம் சொன்னார்கள். ஒரே தடவையாகப் போனாலும் பிரித்துப் பிரித்துப் போனாலும் வித்தியாசம் தெரியவில்லையாம். நமக்கு வேண்டியது அதுதான், எந்த நாளிலும் அரைமணி நேரம் நுழைந்து வர ஒரு பாஸ்.

பொதுவாசகர்:
உங்கள் உழைப்பை மதிக்கிறேன். ஆனால் செவிலியர், துப்புரவுத் தொழிலாளர்? பூங்கா எல்லோருக்குமே இலவசமாக இருக்க வேண்டும் என்பதுதான் என் கட்சி.

இரவுப்பணி:
எல்லோருக்கும் இலவசம் என்றால் முதல் கையெழுத்து என்னுடையது. அது வரும்வரை கட்டணம் இருக்கிற இடங்களுக்கு மட்டும் இதைக் கேட்கிறேன். செவிலியர்கள் தங்களுக்குக் கேட்டால் கூட நிற்பேன்.

மறுமுனை, அழைப்பு மையத்தைப் பட்டியலில் முதலாவதாகப் போட்டுவிட்டேன். ஒருநாள் சலுகை வேண்டாம், வருட பாஸ் என்றும் மாற்றிவிட்டேன். வாசல்காரரே, இரவு ஷிப்ட் முடிந்து விடிகாலையில் வரும்போது பல இடங்களில் கேட் பூட்டியிருக்கிறது. கட்டணக் கவுன்டர் திறக்கும் முன்பே நடைபாதையை மட்டும் திறந்துவிடக் கேட்டால் உங்கள் ஆட்களுக்குச் சிரமமா?

வாசல்காரர்:
காவலர் ஒருவர் எப்படியும் இருப்பார். கேளுங்கள். விளக்கு இருக்கிற பாதையை மட்டும் என்று குறிப்பிட்டால் நிர்வாகம் மறுக்கக் காரணம் குறையும்.